அப்பாவைப் பற்றி நான் எதை எழுதட்டும்?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு நாற்பத்தொரு வயது. கணவர், இரண்டு குழந்தைகள், அலுவலக வேலை. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவள் என்று பெயர் எடுத்தவள். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். உன் பிரச்சினை என்ன என்று கேட்டால், "அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுத வரவில்லை" என்றுதான் சொல்ல முடிகிறது. இதற்கெல்லாமா ஆலோசனை கேட்பார்கள் என்று எனக்கே தோன்றுகிறது.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. எழுபது வயது. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரவே முடிந்துவிட்டது. வணிகக் கப்பலில் என்ஜினியராக இருந்தவர். 1979ல் ஜூனியர் என்ஜினியராக ஏறியவர், 2015ல் சீஃப் என்ஜினியராகக் கடைசி முறை இறங்கினார். ஒவ்வொரு ஒப்பந்தமும் பெரும்பாலும் ஏழு மாதம். அப்புறம் இரண்டரை, மூன்று மாதம் வீடு. மறுபடி கப்பல்.

குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடுகிறோம். படங்கள், நண்பர்கள் எழுதிய சில வரிகள், முதல் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. குறிப்பு எழுதும் வேலை என் தலையில். சொந்தக்காரர்கள் அனுப்பியதில் எல்லாம் இரண்டே வரிதான் இருக்கிறது: "நாற்பத்திரண்டு நாடுகளைச் சுற்றியவர். பாசமான குடும்பத் தலைவர்." இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து எழுதியவுடன் எனக்குக் கை நின்றுவிடுகிறது.

நாற்பத்திரண்டு நாடு என்று யாராவது சொன்னால் அப்பா சிரிப்பார். "நான் பார்த்தது ஒரே நாடு, என்ஜின் ரூம்" என்பார். பனாமா கால்வாயில் மதகு அறைக்குள் தண்ணீர் நிறைய நிறையக் கப்பல் படிப்படியாக 26 மீட்டர் உயரத்துக்கு ஏறுமாம். டெக்கில் இருப்பவர்கள் கேமராவோடு நிற்பார்களாம். இவர் அடித்தளத்தில், மேலிருந்து உத்தரவு வர வர எந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு இருப்பாராம். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குப் போகிற கப்பல் அந்தக் கால்வாயில் மேற்கே போகாது, கிழக்குப் பக்கமாகத்தான் நகரும் என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவார். அதைக்கூட அவர் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார்.

அவர் எழுதும் கடிதங்களில் எண் இருக்கும். கவரின் இடது மூலையில் சின்ன வட்டம் போட்டு உள்ளே 1, 2, 3. ஒவ்வொரு துறைமுகத்திலும் தபால் வேகம் ஒவ்வொரு மாதிரி என்பதால் 7 முதலில் வந்துவிடும், 5 பத்து நாள் கழித்து வரும். அம்மா வரிசை தப்பிப் பிரிக்க விடமாட்டார். அலமாரி மேல் காத்திருக்கும் 7ஐ நானும் அண்ணனும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். ஒரு பயணத்தில் 11 வரவே இல்லை. அம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு 12ஐப் பிரித்தார்.

எனக்கு ஒன்பது வயது நிறைந்த அன்று அவருடைய கப்பல் அமெரிக்காவிலிருந்து ஆசியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. சர்வதேசத் தேதிக்கோட்டை அந்தப் பக்கமாகத் தாண்டினால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமல் போகும். அந்த முறை காணாமல் போனது என் பிறந்தநாள். "கப்பலில் நேற்று 13, இன்று 15. உன் பிறந்தநாளே இல்லை. ஆனால் என் வாட்சில் 14 இருந்தது, நான் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார். போகும் வழியெல்லாம் கப்பலின் கடிகாரத்தை ஒரு மணி முன்னே, ஒரு மணி பின்னே என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்பா மட்டும் கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலிருந்து மாற்றியதே இல்லை.

இப்படிப்பட்டவரைப் பாசமில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அவர் போன இரண்டாவது மாதம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய சிடிசி புத்தகங்கள், அதாவது கப்பல் பணிப் பதிவேடுகள், கிடைத்தன. எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் சைன் ஆன் (கப்பலேறியது), எப்போது சைன் ஆஃப் (இறங்கியது) என்று முத்திரையோடு இருக்கும். நான் பிறந்த நாள் முதல் பதினெட்டு வயது வரை உட்கார்ந்து கூட்டினேன். 6,574 நாளில் அப்பா வீட்டில் இருந்தது 1,872 நாள். இதைக் கூட்டியது என் கணவருக்குக்கூடத் தெரியாது. செத்துப்போன மனுஷனுக்கு வருகைப் பதிவேடு எடுத்த மாதிரி உறுத்துகிறது.

அண்ணன் என்னைப் போல மறைக்கவில்லை. "பாசமான குடும்பத் தலைவர்னு மட்டும் எழுதிடாதே. எந்தக் குடும்பத்துக்கு?" என்கிறார். பன்னிரண்டு வயதில் அவருக்குக் கை முறிந்தது. அப்பாவுக்கு அது தெரிந்து, ஆறுதல் எழுதி, அந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மாவோ நேர் எதிர். "ஒரு நாள் குரலை உயர்த்திப் பேசியிருப்பாரா?" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அப்பா லீவில் வந்தால் முதல் இரண்டு வாரம் வீடு ரணகளமாகத்தான் இருக்கும். எந்திரச் சத்தத்தில் காது மந்தமாகி, அவருக்குச் சாதாரணப் பேச்சே கத்தல்தான். அதோடு எல்லா சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டுவார், சாவிகளை இடம் மாற்றுவார். ஏழு மாதம் தனியாக வீட்டை நடத்திய அம்மா சும்மா இருப்பாரா?

இன்னொன்றும் கிடைத்தது. 1996ல் அம்மாவுக்கு எழுதிய கடிதம். கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் கரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் புரியும்" என்று ஒரே வரி. எனக்குப் புரியவில்லை. "உங்களுக்காகத்தான் அப்பா கடலுக்குப் போகிறார்" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பத்து வருடம் அவர் அதிகாலை மூன்றே முக்காலுக்கு எழுந்து மாடியில் போய் நிற்பார். கப்பலில் நான்கு மணி வாட்ச்சுக்கு, அதாவது என்ஜின் ரூம் முறை வேலைக்கு, போன பழக்கமாம். அவருக்குக் கடல்தான் பிடித்திருந்ததோ? நாங்கள் வெறும் லீவுதானோ?

ஐந்து வயதில் நான் அவர் முன்னாலேயே அம்மாவிடம் "இவர் எப்போ போவார்?" என்று கேட்டேனாம். அப்பா சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லையாம். அம்மா இதை வேடிக்கையாகச் சொல்வார். எனக்கு வேடிக்கையாக இல்லை.

ஆறு மாதம் நான் அழவில்லை. வங்கி, ஓய்வூதியம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நானேதான் முடித்தேன். போன மாதத்திலிருந்து என்னவோ ஆகிவிட்டது. தூக்கம் கலைந்து கலைந்து விழிக்கிறேன். காலிங் பெல் அடித்தால் நெஞ்சு அடைக்கிறது. அலுவலகக் கழிவறையில் நின்று அழுகிறேன். "ஆறு மாசம் நல்லாத்தானே இருந்தே?" என்கிறார் கணவர். தோழி ஒருத்தி, "இனிமேலாவது அப்பாவை மனசிலிருந்து விட்டுடு" என்கிறாள். இணையத்தில் தேடினால் நீடித்த துக்கம் ஒரு நோய் என்று வருகிறது. எனக்கு அதுதானா? போதாதென்று அம்மா போன வாரம் அப்பாவின் பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார். ஏன் என்றால் "தூசி" என்கிறார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அந்தக் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. இரண்டு வாரமாக விநாடி முள் தாவித் தாவிப் போகிறது. பேட்டரி தீரப் போகிறது. ஓட வேண்டும் என்கிறார் அம்மா. நிற்கட்டும் விடு என்கிறார் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஓர் எண்ணுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன். 1,872க்கு இல்லை, ஏழுக்கு.

அப்பா போய் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வரி தள்ளி, ஒவ்வொரு ஒப்பந்தமும் பெரும்பாலும் ஏழு மாதம் என்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. நம் பேச்சில் இறந்தவரும் போயிட்டார், கப்பலேறியவரும் போயிட்டார். உங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முப்பத்தாறு வருடம் ஒரே பொருள்தான் இருந்தது: ஏழு மாதத்தில் வந்துவிடுவார். அதனால் ஆறு மாதம் நீங்கள் அழாமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்பா இல்லாத வீட்டை எப்படி நடத்துவது என்பது உங்களுக்குக் கைவந்த வேலை. அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. காகிதங்களை முடித்தீர்கள், கணக்கை ஒழுங்கு செய்தீர்கள், வருகிறவர் கேட்டால் காட்டுவதற்கு எல்லாம் தயார். இப்போது சைன் ஆஃப் மாதம் வந்துவிட்டது. காலிங் பெல் அடிக்கிறது. வாசலில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

இது என் ஊகம்தான். அவர்தான் பத்து வருடமாக வீட்டோடு இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார். ஆனால் காத்திருக்கக் கற்றுக்கொண்ட வயதில் படிந்த கணக்கு, பின்னால் வந்த பத்து வருடத்தில் சுலபமாக அழிந்துவிடாது. அவரே ஓய்வு பெற்ற பிறகும் மூன்றே முக்காலுக்கு எழுந்தவர்தானே. என் ஊகத்துக்கு இன்னொரு சாட்சியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மா பெட்டியை இறக்கித் துடைத்தது எந்த மாதம் என்று பாருங்கள். பழைய நாட்களில் அப்பா வரும் வாரத்தில் அம்மா என்னென்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் "ஏன் துடைத்தீர்கள்" என்று மறுபடி கேட்க வேண்டாம். அடுத்த முறை கூட உட்கார்ந்து துடையுங்கள். தூசி என்பதைத் தாண்டி அவராக ஏதாவது சொல்வார்.

நோய் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குறைந்தது ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022ல் திருத்தி வெளியிட்ட கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்றும் காலம் வைத்திருக்கிறார்கள். காலம் தாண்டியதாலேயே அது நோயாகிவிடாது. ஏக்கம் தினமும் ஆளை முழுக்க விழுங்க வேண்டும், "நான் பாதி செத்துவிட்டேன்" என்பது போன்ற உணர்வு, உணர்ச்சியே மரத்துப்போவது, அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பவே முடியாமை என்று பல சேர்ந்து நிற்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதமாக அழுகை வருகிறது, தூக்கம் கெடுகிறது, வேலைக்குப் போகிறீர்கள், குழந்தைகளைப் பார்க்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் எனக்கு இது தாமதமாகக் கரைக்கு வந்த துக்கமாகத்தான் தெரிகிறது. தூக்கம் இன்னும் சில வாரத்தில் சரியாகாவிட்டால், வேலையும் வீடும் கைவிட்டுப் போவது போலிருந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தோழியின் "விட்டுடு" பற்றி. அவள் சொல்வது ஒரு காலத்தில் நிபுணர்களே சொன்னதுதான். போனவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917ல் எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1920ல் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சாவில் இறந்தாள். ஒன்பது வருடம் கழித்து, அவள் இருந்திருந்தால் முப்பத்தாறு வயது ஆகியிருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு ஃப்ராய்ட் கடிதம் எழுதினார். அந்த இடத்தை எது வந்தும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்பது அதன் சாரம். சொந்த வீட்டில் சாவு விழுந்த பிறகு அவராலேயே கழற்ற முடியவில்லை. 1990களிலிருந்து ஆய்வாளர்கள் பலரும் இறந்தவரோடு உறவு தொடர்வதைக் கோளாறாகப் பார்ப்பதில்லை. தோழியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள்.

சரி, அந்த ஒரு பக்கத்துக்கு வருவோம். உங்கள் சிக்கல் அங்கேதான் முடிச்சு விழுந்து கிடக்கிறது.

"பாசமான குடும்பத் தலைவர்" என்ற சொற்றொடரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு காலி நாற்காலிதான் தெரியும். அதில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். உங்கள் கை நிற்பதற்குக் காரணம் அப்பா மேல் உங்களுக்குப் பாசம் இல்லை என்பதோ, அவருக்கு உங்கள் மேல் இல்லை என்பதோ கிடையாது. அந்த வரியை ஒப்புக்கொண்டால் 4,702 நாளை நீங்கள் மறைக்க வேண்டியிருக்கிறது. 1,872 நாளை எழுதினால் அண்ணன் பக்கம் சேர்ந்துவிட்டதாக ஆகும். யாரோ உங்களைத் தராசின் நடுமுள்ளாக நிறுத்திவிட்டார்கள். அது மகளின் வேலை இல்லை.

நாட்களைக் கூட்டியது துரோகமும் இல்லை. வீட்டில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலைக்கு அமெரிக்கக் குடும்பநல சிகிச்சையாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களிடம் பேசிப் பேசி அவர் வளர்த்தெடுத்த கருத்து அது. உங்கள் அப்பா காணாமல் போகவில்லை, எண் போட்டுக் கடிதம் எழுதியவர். ஆனாலும் சாப்பிட உட்காரும்போது அவர் இல்லை, அலமாரி மேல் பிரிக்காத கவராக இருக்கிறார். பிள்ளைகளுக்கு இது குழப்பம்தான். இருக்கிறவருக்காக அழ முடியாது, இல்லாதவர் மேல் கோபப்படவும் முடியாது. பதினெட்டு வருடம் செய்ய முடியாத கணக்கை நாற்பத்தொரு வயதில் முத்திரைகளைப் பார்த்துச் செய்தீர்கள். செய்தாகிவிட்டது, இருக்கட்டும். இனி அதை ஈடுகட்டுவதற்காகக் கடிதங்களை எண்ணத் தொடங்காதீர்கள். இத்தனை நாள் இல்லாததற்கு இத்தனை கடிதம் சரியாகப் போயிற்று என்கிற வட்டிக்கணக்கு எந்த வீட்டிலும் நேர் ஆனதில்லை.

அம்மா "குரலை உயர்த்தியதே இல்லை" என்பது உங்களைக் குத்துகிறது. புரிகிறது. வட கடலில் எண்ணெய் எடுக்கப் போகும் ஆண்களின் மனைவியரை ஸ்காட்லாந்தின் ஆய்வாளர்கள் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1985ல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பிலேயே 'விட்டு விட்டு வரும் கணவர்கள்' என்ற பொருள்படும் சொல் இருக்கும். கணவர் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் அந்த வீடுகளில் பதற்றமும் சோர்வும் எழுவதை அவர்கள் கண்டார்கள். கவனியுங்கள், திரும்பி வரும்போதும்தான். ஆக உங்கள் வீட்டு முதல் இரண்டு வார ரணகளம் உலகத்தில் இல்லாத ஒன்றில்லை. வீட்டை நடத்திக்கொண்டிருந்த ஒருவரும், வீட்டுக்கு வந்த ஒருவரும் சாவிக்கொத்து யாருடையது என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள், கொஞ்சம் சத்தமாக.

அப்படியானால் அம்மா ஏன் மாற்றிச் சொல்கிறார்? சிகாகோவில் கணவரை இழந்த பெண்களிடம் நீண்ட காலம் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஹெலனா லொபாட்டா, 1981ல் இதைப் பற்றி எழுதினார். பலரும் இறந்த கணவரைக் குற்றம் குறையே இல்லாதவராக, கிட்டத்தட்ட ஒரு புனிதராக நினைவில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் இரண்டு நன்மை. அவ்வளவு நல்லவர் தேர்ந்தெடுத்த பெண் என்ற மதிப்பு மனைவிக்கு மிஞ்சுகிறது. அதோடு புனிதர் கொஞ்சம் தூரத்தில் இருப்பார், அன்றாட வாழ்க்கையில் தலையிட மாட்டார், இவர் தன் பாட்டுக்கு வாழலாம். உங்கள் அம்மா பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், திருத்தவும் போகாதீர்கள். வந்தவர்கள் முன்னால் திருத்தினால் கண்டிப்பாகச் சண்டைதான் வரும். தனியாக இருக்கும்போது சுவிட்சில் ஒட்டிய பெயர்களை ஞாபகப்படுத்துங்கள். சிரித்தாலும் சிரிப்பார்.

1996 கடிதம். இதில் உங்களுக்கு இதமான பதில் ஒன்றைத் தயாரித்துத் தர என்னால் முடியும். சம்பளம் குறைவாக இருந்திருக்கும், உங்கள் படிப்புச் செலவு இருந்திருக்கும் என்று. உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் நீங்கள் சந்தேகப்படுவதும் உண்மையாக இருக்கலாம். அவருக்குக் கடல் பிடித்திருக்கலாம். எந்திரத்தின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் கேட்டாலே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லக்கூடிய திறமை கரையில் யாருக்கு வேண்டும்? அங்கே அவர் சீஃப். வீட்டில், சாவியை எங்கே வைப்பது என்று தெரியாத விருந்தாளி. பிடித்த வேலைக்குப் போன மனிதர், போன இடமெல்லாம் கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலேயே வைத்திருந்தார். இதில் ஒன்று பொய்யாக இருந்தால்தான் மற்றது மெய் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நீங்கள்கூட அலுவலகத்துக்குப் போவது குழந்தைகளுக்காக மட்டும்தானா?

"உங்களுக்காகத்தான் போகிறார்" என்பது குழந்தைகளுக்குச் சொன்ன பதில். அதோடு ஒரு கடனும் சேர்ந்து வந்துவிட்டது. நமக்காக ஒருவர் கடலில் கஷ்டப்படுகிறார், நாம் குறை சொல்லக் கூடாது. அண்ணன் அந்தக் கடனை ஒப்புக்கொள்ள மறுக்கிறார், நீங்கள் இன்னும் தவணை கட்டுகிறீர்கள். அவருக்குக் கடல் பிடித்திருந்தது என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடனில் பாதி குறைகிறதா இல்லையா?

"உனக்குப் புரியும்" என்று எழுதியது அம்மாவுக்கு. என்ன புரிந்தது என்று அம்மாவிடம் ஒரு நாள் கேட்கலாம். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அது கணவன் மனைவிக்குள் இருந்த கடிதம். உங்களுக்கு எழுதியது தேதிக்கோட்டுக் கடிதம்.

ஐந்து வயதில் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த ஒருவர் எப்போது போவார் என்று குழந்தை கேட்டது, அவ்வளவுதான். அவருக்கு வலித்திருக்கும். வலிக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் குளியலறையிலிருந்து வெளியே வந்த அந்த மனிதர்தான் நான்கு வருடம் கழித்து, கப்பலில் இல்லாத ஒரு பிறந்தநாளைத் தன் கைக்கடிகாரத்தில் தேடிப் பார்த்தார்.

என்ன எழுதுவது? நான்கைந்து விஷயம் போதும். பனாமா கால்வாயில் ஊரே மேலே வேடிக்கை பார்க்க, இவர் கீழே உத்தரவுக்குக் காத்து நின்றதை எழுதுங்கள். நாற்பத்திரண்டு நாடு என்ற வரியைவிட அவர் செய்த வேலை அதில் நன்றாகத் தெரிகிறது. வட்டத்துக்குள் போட்ட எண்களையும் வராமல் போன 11ஐயும் எழுதுங்கள். சுவிட்சுக்குப் பெயர் எழுதி ஒட்டியதை எழுதுங்கள். மூன்றே முக்கால் மணி மாடியை எழுதுங்கள். அவர் ஏன் அங்கே நின்றார் என்று விளக்காதீர்கள். பெரும்பாலான நாட்கள் அவர் வீட்டில் இல்லை என்பதையும் ஒரே ஒரு நேர் வரியாக எழுதுங்கள், எண் வேண்டாம். "ஏழு மாதம் கடலில், இரண்டரை மாதம் வீட்டில் என்று எங்கள் குழந்தைப்பருவம் போயிற்று" என்றால் படிக்கிறவர்களுக்கு விளங்கும். மன்னிப்புத் தொனியும் வேண்டாம், புகார்த் தொனியும் வேண்டாம். பாசம் என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுதாமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கை முறிந்த கதையை நீங்கள் எழுதாதீர்கள். அது அண்ணனுடையது. அரைப் பக்கம் அவருக்கு ஒதுக்கி, "நீங்களே எழுதுங்கள், நான் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன்" என்று சொல்லுங்கள். மறுத்தால் மறுக்கட்டும். எழுதினால், கட்டுப் பிரித்த பிறகு வந்த அந்தக் கடிதத்தை அவர் இன்னும் வைத்திருக்கிறாரா என்பதும் தெரிய வரலாம். வைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா மேல் கோபமே இல்லாத மகன், வாழ்க்கைக் குறிப்பில் என்ன சொல் வருகிறது என்று இவ்வளவு கவலைப்படமாட்டான்.

அப்புறம் அந்தக் கைக்கடிகாரம். ஓடட்டுமா நிற்கட்டுமா என்று வீட்டில் ஓட்டெடுப்பு நடத்த வேண்டாம். அண்ணன் அதைக் கட்டிக்கொள்வாரா என்று கேளுங்கள். உங்கள் பிறந்தநாள் அதில் இருந்தது, அவருடையதும் வருடா வருடம் இருந்திருக்கும். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பேட்டரியை மட்டும் முதலில் மாற்றிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நின்றுபோன கடிகாரத்தை நீட்டினால் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.